பிரெஞ்சு தெரிந்த பெண்

என்னைக் கம்பெனியில் எடுத்தது புரோகிராம் எழுதத்தான். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்பக்கத் தெருவில், கீழே பாத்திரக்கடை, மேலே எங்கள் அலுவலகம். ஜன்னலைத் திறந்தால் மீனும் மல்லிகையும் கலந்து ஒரு வாசனை வரும். மூட்டை தூக்குகிறவர்கள் "வழி, வழி" என்று கத்துவது மேலே வரைக்கும் கேட்கும். பிரான்சில் நாய்க்கும் பூனைக்கும் வைத்தியம் பார்க்கிற கிளினிக்குகளுக்காக ஒரு மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். யார் எந்த நேரத்துக்குத் தன் நாயைக் கொண்டுவர வேண்டும், எந்த ஊசி போட்டாயிற்று, எது பாக்கி, எல்லாம் அதில் இருக்கும்.

என்னோடு அதே நாளில் இன்னொருத்தியும் சேர்ந்தாள். பாகூர் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டில் நெல் விவசாயம். பஸ்ஸில் வந்து போவாள். இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. டப்பாவைத் திறந்தால் பாதி அவளுக்கு, பாதி எனக்கு. அவள் கொண்டுவரும் கருவாட்டுக் குழம்புக்கு எங்கள் வீட்டு மீன் குழம்பு நிற்காது. ஆரம்பத்தில் இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது, அதனால் வெட்கமும் இல்லை. "இது இன்னா எரர்டி?" என்று அவள் கேட்பாள். நானும் அதே எரரை முறைத்துக்கொண்டிருப்பேன்.

நான் முதன்முதலில் சரிசெய்த பிழை நன்றாக நினைவிருக்கிறது. பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத பூனைக்குட்டிகளின் வயதை எங்கள் திரை நூறு வருஷத்துக்கு மேல் காட்டிக்கொண்டிருந்தது. பகல் முழுக்கத் தேடி, கடைசியில் ஒரு கழித்தல் குறி தப்பான பக்கம் இருப்பதைக் கண்டுபிடித்தேன். அன்றைக்குச் சாயங்காலம் ஷேர் ஆட்டோ ஏறாமல் கடற்கரைச் சாலை வழியாகவே வைத்திக்குப்பம் வரைக்கும் நடந்து வீட்டுக்குப் போனேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அப்பாவிடம் சொன்னேன். அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். "பூனைக்கு வயசு சரி பண்ணியா?" என்று கேட்டுவிட்டு, எனக்காகச் சந்தோஷப்பட்டார்.

அப்படியே போயிருந்தால் என்னவாகியிருப்பேனோ தெரியாது. சேர்ந்து ஐந்தாறு மாதத்தில் ஒரு நாள், பிரான்சிலிருந்து பேசுகிற ஒரு அம்மாவோடு வீடியோ கால். அந்த அம்மாதான் அங்கே எங்கள் வேலையை மேற்பார்வை பார்க்கிறவர். இங்கிலீஷ் பேச மாட்டார். எங்கள் முதலாளி சாருக்கு வணக்கத்துக்கு போன்ழூர், நன்றிக்கு மெர்சி, அதற்கு மேல் போகாது. அதற்காக வெளியிலிருந்து மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வருவார். அன்றைக்கு அவர் வரவில்லை. சார் கண்ணாடி அறையிலிருந்து தலையை நீட்டினார்.

"யாருக்காவது பிரெஞ்சு தெரியுமாப்பா?"

பக்கத்தில் இருந்தவள்தான் என் தோளைத் தட்டினாள். "இவளுக்குத் தெரியும் சார். பத்தாவது வரைக்கும் பிரெஞ்சு மீடியம்."

உண்மைதான். அப்பா சவாரியில் வெள்ளைக்காரர்களிடம் கொஞ்சம் பிரெஞ்சு பொறுக்கியவர், அது முழுசாகத் தெரிந்தால் ஏதோ பெரிய வாசல் திறக்கும் என்று நம்பி, என்னை பிரெஞ்சு வழிப் பள்ளியில் சேர்த்திருந்தார். கல்லூரியில் அது ஒன்றுக்கும் உதவவில்லை. இங்கிலீஷ் தடுமாறியதுதான் மிச்சம். அன்று அந்த அறையில் உட்கார்ந்ததும் வார்த்தைகள் தானாக வந்தன. திரையில் இருந்த அம்மாவின் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். கால் முடிந்ததும் சார் எழுந்து நின்று கை கொடுத்தார். "இத்தினி நாளா ஏம்மா சொல்லல?" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அடுத்த வாரமும் கூப்பிட்டார். வெளியிலிருந்து வந்தவரை நிறுத்திவிட்டார்கள். கொஞ்ச நாளில் தினமும் கால் என்றாயிற்று. கால் இல்லாத நேரத்தில் அங்கிருந்து வரும் மெயில்களைத் தமிழும் இங்கிலீஷுமாகச் சொல்ல வேண்டும். எங்கள் பதிலை பிரெஞ்சில் எழுத வேண்டும். என் நாற்காலி கண்ணாடி அறை வாசலுக்கு மாறியது. சம்பளம் கூடியது. வேலையின் பெயர் மட்டும் டெவலப்பர் என்றே இருந்தது. புரோகிராம் கோடு என்று கையில் வந்ததெல்லாம் திரையில் தெரிகிற வார்த்தைகளை மாற்றுவதுதான். 'சேமி' என்ற பட்டனுக்கு பிரெஞ்சில் என்ன, 'நீக்கு' என்பதற்கு என்ன, அவ்வளவு.

மதியம் அவளோடுதான் சாப்பிடுவேன். ஆனால் அவள் பேச்சு மாறிக்கொண்டே வந்தது. காலையில் தான் மல்லுக்கட்டிய விஷயத்தைச் சொல்வாள். நான் தலையாட்டுவேன். முதலில் பாதி புரிந்தது, அப்புறம் கால்வாசி. ஒரு கட்டத்தில் அவளே அதை நிறுத்திவிட்டு, பஸ்ஸில் நடந்த சண்டையையும் தங்கச்சி கல்யாணத்தையும் பேச ஆரம்பித்தாள். அவள் நல்ல எண்ணத்தில்தான் செய்தாள். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

உறைத்தது நோணாங்குப்பத்தில். அந்த பிரெஞ்சு அம்மா, நான் சேர்ந்த நாலாவது வருஷ ஜனவரியில் எங்களைப் பார்க்க வந்தார். எல்லோரையும் படகு இல்லத்துக்கு அழைத்துப் போனார் சார். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு பாரடைஸ் பீச்சுக்குப் படகில் போனோம். நான் அந்த அம்மாவுக்கும் சாருக்கும் நடுவில். இஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துக்கொண்டு வந்தேன். நடுவில் சார் போனில் பேசப் படகின் முன்பக்கம் எழுந்து போக, அந்த அம்மா என்னிடம் சாதாரணமாகக் கேட்டார்.

"நீங்கள் இன்னும் எத்தனை கம்பெனிகளுக்கு மொழிபெயர்க்கிறீர்கள்?"

"நான் மொழிபெயர்ப்பாளர் இல்லை. டெவலப்பர்."

அவர் முகத்தில் உண்மையான ஆச்சரியம். "அப்படியா! எந்தப் பகுதி நீங்கள் எழுதியது?"

யோசித்தேன். பூனைக்குட்டியின் வயதைச் சொல்லலாமா என்று நினைத்தேன், சொல்லவில்லை. "திரையில் இருக்கிற வார்த்தைகள்" என்றேன்.

"வார்த்தைகள் நன்றாக இருக்கின்றன" என்றார் அன்பாக.

எதிரில் உட்கார்ந்திருந்த என் தோழி, "இன்னாவாம்டி?" என்று கேட்டாள்.

"படகு நல்லாருக்குதாம்" என்றேன்.

அந்த வருஷத்துக்குள்ளேயே அந்த அம்மா வேறு வேலைக்கு மாறினார். அவர் இடத்துக்கு வந்தவர் இளைஞர், இங்கிலீஷ் சரளமாகப் பேசுவார். அவர் பிரெஞ்சில் பேசினால்கூடத் திரையின் அடியில் இங்கிலீஷ் எழுத்து தானாக ஓடும்படி ஒரு வசதியும் வந்துவிட்டது. யாரும் என்னிடம் எதையும் சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை வழக்கம்போல ஹெட்போனை மாட்டிக்கொண்டு கால் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். உள்ளே கண்ணாடி அறையில் சாரும் என் தோழியும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். கால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அழைப்பே வரவில்லை. யாராவது பார்த்துவிடப்போகிறார்கள் என்று ஹெட்போனைக் கழற்றாமலேயே கொஞ்ச நேரம் இருந்தேன்.

இரண்டு நாள் கழித்து சார் கூப்பிட்டார். "இனிமே நீ நிம்மதியா கோடு பாக்கலாம்மா. அதுக்குத்தானே வந்த" என்றார். நல்ல மனுஷர். எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் வரிசையில் எனக்கு இடம் போட்டார்கள். அவர்கள் என்னை அக்கா என்று கூப்பிட்டார்கள். வருஷக் கணக்கில் நான் மூத்தவள். ஆனால் அவர்கள் ஒரு காலையில் முடிப்பது எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அவர்களிடம் சந்தேகம் கேட்க வாய் வரவில்லை. கேட்டால், இத்தனை வருஷம் இந்த அக்கா என்ன செய்தாள் என்று நினைப்பார்களே. தோழியிடமும் கேட்கவில்லை. அவள் இப்போது எல்லோரும் எழுதிய கோடு எல்லாவற்றையும் படித்துப் பார்த்து, சரி என்று சொன்னால்தான் மேலே போகும் என்கிற இடத்தில் இருந்தாள்.

எனக்குத் தந்த முதல் முழு வேலை, நினைவூட்டும் குறுஞ்செய்தி. நாளைக்கு இத்தனை மணிக்கு உங்கள் நாயைக் கொண்டுவாருங்கள் என்று முந்தின நாள் அதன் சொந்தக்காரருக்குப் போக வேண்டும். எங்கள் கணினியில் நேரமெல்லாம் இந்திய நேரத்தில் பதிவாகியிருக்கும். அதைப் பிரான்ஸ் நேரத்துக்கு மாற்ற வேண்டும். வித்தியாசம் மூன்றரை மணி நேரம். அதைக் கழித்தேன். சோதித்துப் பார்த்தேன், சரியாக வந்தது. தோழிக்கு அனுப்பினேன். ஒரு வாரம் கிடந்தது. அப்புறம் ஒரு கருத்தும் இல்லாமல் 'சரி' என்று வந்தது. எனக்கு நம்பவே முடியவில்லை. மற்றவர்கள் அனுப்பியதெல்லாம் பத்து இடத்தில் குறி போட்டுத் திரும்பி வரும். என்னுடையது ஒரே தடவையில் தேறிவிட்டது. வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் அன்றைக்கு இறால் வாங்கி வந்தார்.

பிரான்சில் வருஷத்துக்கு இரண்டு தடவை கடிகாரத்தை மாற்றுவார்கள். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அதற்கப்புறம் வித்தியாசம் நாலரை மணி நேரம். இது எங்கள் அலுவலகத்தில் யாருக்காவது உடம்பிலேயே தெரிந்திருந்தால் அது எனக்குத்தான். ஒவ்வொரு வருஷமும் அந்த வாரத்திலிருந்து கால் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும், என் மதியச் சாப்பாடும் அதோடு தள்ளிப்போகும், பசியில் பேசிக்கொண்டிருப்பேன். "அடுத்த வாரத்திலிருந்து எங்கள் கடிகாரம் மாறுகிறது" என்று நானே எத்தனையோ தடவை சாருக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த வாக்கியம் என் வாய் வழியாகப் போனது. கோடு எழுதும்போது அது எனக்கு ஞாபகம் வரவில்லை.

அந்த அக்டோபரின் கடைசி திங்கட்கிழமை, மதியம் தாண்டி சாரின் போன் விடாமல் அடித்தது. பத்து மணிக்கு வர வேண்டியவர்களுக்குப் பதினொன்று என்று செய்தி போயிருந்தது. எல்லா ஊர் கிளினிக்கிலும் மருத்துவர்கள் காலையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம், செய்தியை நம்பியவர்களும் தங்கள் நேரத்தை ஞாபகம் வைத்திருந்தவர்களும் நாயும் பூனையுமாக ஒரே நேரத்தில் வந்து குவிந்தார்கள். வரவேற்பில் இருந்த பெண்கள் திட்டு வாங்கினார்கள். அறுவை சிகிச்சைக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டிய ஒரு கிழட்டு நாயை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

கண்ணாடி அறைக்குள் சார் இங்கிலீஷில் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அந்த இளைஞருக்குக் கோபத்தில் இங்கிலீஷ் மறந்துவிட்டது. பிரெஞ்சில் வேகமாகப் பேசினார். அடியில் ஓடிய எழுத்து பாதி உளறியது. சார் கதவைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"வாம்மா. வந்து எடுத்துச் சொல்லு. டெக்னிகல் மிஸ்டேக், டீம்ல யாரோ பண்ணிட்டாங்க, சரி பண்றோம்னு சொல்லு."

உட்கார்ந்தேன். என் பக்கத்தில் தோழி, முகம் வெளிறிப்போய். நான் அந்த அறையில் எத்தனையோ தடவை 'அவர் சொல்கிறார்', 'அவர்கள் கேட்கிறார்கள்' என்று பேசியிருக்கிறேன். அன்றைக்கு, "இந்தப் பகுதியை எழுதியது நான்" என்று பிரெஞ்சில் ஆரம்பித்தேன். சாருக்குப் புரியவில்லை. தலையாட்டிக்கொண்டிருந்தார்.

இளைஞர் திரைக்கு நெருங்கி வந்தார். "நீங்களா? எங்கள் கடிகாரம் மாறுவது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிந்துமா?"

"சாயங்காலத்துக்குள் சரிசெய்கிறேன்" என்றேன். அவர் மன்னித்ததாகச் சொல்லவில்லை. "காத்திருக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சரிசெய்வது பெரிய வேலையில்லை. நேரக் கணக்கைப் பார்த்துக்கொள்ள ஏற்கெனவே எல்லோரும் பயன்படுத்துகிற ஒரு வழி இருக்கிறது. எந்த ஊர் என்று சொன்னால் போதும், கடிகாரம் எப்போது மாறும் என்று அதற்கே தெரியும். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தோழி பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னாள், ஆனால் கீபோர்டைத் தொடவில்லை. நான்தான் அடித்தேன். அனுப்பிவிட்டு, இரண்டு பேரும் படியிறங்கி டீக்கடைக்குப் போனோம்.

"நீ பாத்துதானேடி சரின்னு போட்ட?" என்று கேட்டேன். குற்றம் சொல்லக் கேட்கவில்லை. அவள் கண்ணுக்கும் தப்பியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். "படிக்கல."

"ஏன்?"

"தொறந்து பாத்தேன். மொதல் பக்கத்துலயே எழுதறதுக்கு நெறைய இருந்துது. அப்பிடியே மூடிட்டேன். ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். ஒனக்கு மனசு கஷ்டமாப்போவும்னு சரின்னு அமுத்திட்டேன்டி."

"மத்தவங்களுக்கெல்லாம் எழுதறியே?"

"அவங்க சின்னப் பசங்க. திட்டுனா கத்துப்பாங்க." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. என் கையைப் பிடித்தாள். நான் இழுத்துக்கொண்டேன்.

நாய்க்காரர்கள் திட்டியதைவிட, அந்த இளைஞர் கேட்ட கேள்வியைவிட, இதுதான் எனக்கு வலித்தது. கற்றுக்கொள்வேன் என்று என் மேல் அவளுக்கு நம்பிக்கை இல்லை. பாவம் பார்த்திருக்கிறாள். அந்த 'சரி'யைத்தான் நான் வீட்டில் போய்ச் சொல்லியிருந்தேன். அதற்குத்தான் அப்பா இறால் வாங்கினார்.

இரண்டு வாரம் அவளோடு சரியாகப் பேசவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவேன். அப்புறம் ஒரு நாள் காலையில் நானே அவள் மேஜைக்குப் போனேன். "அடுத்தது அனுப்பியிருக்கேன். எல்லாத்தையும் எழுது. ஒண்ணு விடாத" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சரி" என்றாள்.

எழுதினாள். அம்மாடி, எப்படி எழுதினாள். இந்தப் பெயர் எதையும் சொல்லவில்லை, இது ஏற்கெனவே வேறு இடத்தில் இருக்கிறது, இது காலியாக வந்தால் என்ன ஆகும், இதை ஏன் இப்படி வைத்தாய். படிக்கப் படிக்கக் காது சுடும். ஒரு தடவை பாத்ரூமில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். வந்து மறுபடியும் முதல் கருத்திலிருந்து ஆரம்பித்தேன். புரியாததைக் கேட்டேன், அவளிடம் மட்டுமில்லை, அந்தச் சின்னப் பிள்ளைகளிடமும். ஒருத்தன், "அக்கா, இது எனக்கே போன மாசம்தான் தெரியும்" என்றான். அது உண்மையா, என்னைத் தேற்றச் சொன்னதா என்று இப்போதும் சந்தேகம்தான். சந்தேகப்படுகிற பழக்கம் அந்த டீக்கடையோடு வந்துவிட்டது.

கருத்துகள் மெல்லக் குறைந்தன. குறையும்போதும் பயம்தான். நான் தேறிவிட்டேனா, அவள் மறுபடியும் பாவம் பார்க்கிறாளா? ஒரு நாள் கேட்டேவிட்டேன். அவள் கோபப்பட்டாள். "நீ இன்னா, என்னை நம்பவே மாட்டியா?" என்றாள். நாங்கள் மறுபடியும் சேர்ந்துதான் சாப்பிடுகிறோம். ஆனால் முன்பு மாதிரி இல்லை. அவள் டப்பாவிலிருந்து எடுக்கும்போது ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுக்கிறேன்.

போன மாதம் சார் கூப்பிட்டார். பிரான்சில் இன்னொரு பெரிய வாடிக்கையாளர் கிடைத்திருக்கிறார். அந்த அக்டோபர் நாளுக்கு அப்புறம் அந்த இளைஞரே சொன்னாராம், அந்தப் பெண் வீடியோ காலில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று. "எழுத்து ஓடுதுதான், ஆனா அது ஆள் மாதிரி வராதும்மா. பிரான்ஸ்காரங்ககிட்டப் பேசறதெல்லாம் முழுசா நீயே பாத்துக்க. தனி ரூம் தர்றேன். சம்பளம் நல்லாவே ஏத்தித் தர்றேன்" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அன்று சாயங்காலம் அப்பா மார்க்கெட் வாசலில் ஆட்டோவோடு நின்றிருந்தார். பின்சீட்டில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். அவர் வண்டியை எடுக்காமல் திரும்பினார்.

"பேசறதுக்குச் சம்பளம் தர்றேங்குறாங்க, கசக்குதா பாப்பா?"

"திரும்ப அங்க போனா, கத்துக்கிட்டதெல்லாம் போயிடும்பா."

"கத்துக்கிட்டு? இப்ப பிரெஞ்ச மாத்துற அந்த ஏஐ மெஷினே கோடும் எழுதுதாமே. சவாரில ஒரு பையன் சொன்னான்."

"எழுதுது."

"அப்ப?"

என் பக்கத்து வரிசைப் பிள்ளைகள் அதை வைத்துத்தான் பாதி வேலையை முடிக்கிறார்கள். நானும் வைத்துப் பார்த்திருக்கிறேன். அது எழுதிக் கொடுத்ததை நான் வரி வரியாகப் படிக்கிறேன். அதனால் எனக்குத்தான் நேரம் அதிகமாகிறது. என் வாயின் வேலையை அது ஒரு தடவை எடுத்துக்கொண்டது. கையின் வேலையையும் எடுத்துக்கொள்ளாது என்று அப்பாவிடம் எந்த தைரியத்தில் சொல்வது?

"தெரியலப்பா" என்றேன். அவர் வண்டியை எடுத்தார். கடற்கரைப் பக்கம் திரும்பியபோது, "இத்தினி வருஷம் அந்த ஸ்கூலுக்குப் போனது வீணாயிடுமேன்னுதான்" என்று மட்டும் சொன்னார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

மறுநாள் சாரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. "யோசிச்சுத்தான் சொல்றியாம்மா?" என்று இரண்டு தடவை கேட்டார். பதினைந்து நாளில் வேறொரு பெண்ணை எடுத்துவிட்டார். நல்ல பெண். என்னைவிட அழகாக பிரெஞ்சு பேசுகிறாள். கண்ணாடி அறையிலிருந்து அவள் சிரிக்கிற சத்தம் கேட்கும்போது, நான் முட்டாள்தனம் செய்துவிட்டேனோ என்று தோன்றும். தினமும் இல்லை, பல நாட்களில்.

இப்போது என்னிடம் இருப்பது மருந்து அளவுக் கணக்கு. நாயின் எடையைப் போட்டால் எத்தனை மில்லி என்று சொல்ல வேண்டும். தப்பானால் நேரம் தள்ளிப்போவதோடு முடியாது. அதனால் மெதுவாகத்தான் எழுதுகிறேன். எடை போடாமல் விட்டால், புள்ளியை மாற்றி வைத்தால், குட்டி நாயின் எடையைப் பெரிய நாயின் பெயரில் போட்டால், என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கிறேன். நேற்று தோழிக்கு அனுப்பினேன். இன்று காலை ஏழெட்டுக் கருத்துகளோடு திரும்பி வந்திருந்தது. கடைசிக் கருத்தில், இது தனக்கும் புரியவில்லை, சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டிருந்தாள். நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் மேஜைக்குப் போனேன்.